எம்.ஜி.ஏ. எஞ்சினில் எது அசல், எது அம்பாசிடர்: கடலோரப் பட்டறைக்கான முழு வழிகாட்டி

எம்.ஜி.ஏ. 1500 என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினும் பழைய அம்பாசிடரின் பெட்ரோல் எஞ்சினும் ஒரு தாய் பிள்ளைகள். இரண்டும் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) செய்த பி-சீரிஸ் வகை. இரண்டும் 1489 சிசி. சிலிண்டர் விட்டமும் ஸ்ட்ரோக்கும் ஒன்றே. அதனால் நம் நாட்டில் தங்கிவிட்ட எம்.ஜி.ஏ. கார்களில் எது பழுதானாலும் கைக்கெட்டிய அம்பாசிடர் சாமான் உள்ளே போனது. சில வண்டியில் டைனமோ மட்டும், சில வண்டியில் ஹெட், சில வண்டியில் எஞ்சின் முழுவதுமே. மாட்டினால் மாட்டும், ஓட்டினால் ஓடும். பல வருடம் கழித்துப் பிரித்துப் போட்டு எது யாருடையது என்று பார்க்கும்போதுதான் திண்டாட்டம்.

இராமநாதபுரம் கரையில் இன்னும் இரண்டு தொல்லைகள் சேரும். உப்புக்காற்று எழுத்தையும் எண்ணையும் தின்றுவிடும். படகு எஞ்சின் பார்த்துப் பழகிய பட்டறைகளில், அடையாளம் இருந்த இடத்தின் மேல் தடிப்பாகப் பெயிண்டும் கிரீஸும் ஏறியிருக்கும்.

கீழே உள்ள வரிசை 1955 முதல் 1962 வரை வந்த 1500, 1600, 1600 மார்க் 2 என்ற மூன்று புஷ்ராடு எஞ்சின்களுக்கு உரியது. ட்வின் கேம் தனி ரகம், இதில் சேராது. இடம், வலம் என்று வரும் இடமெல்லாம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து முன்னால் பார்க்கும் கணக்கு.

1. தொடங்கும் முன்: "அசல்" என்றால் எது?

இதைத் தீர்மானிக்காமல் ஸ்பேனரை எடுப்பவர்கள் பாதி வழியில் குழம்புகிறார்கள். பாகங்களை மூன்று தரமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அ தரம்: இந்த வண்டியோடு தொழிற்சாலையிலிருந்து வந்தது. ஆ தரம்: இதே மாடலுக்கு, இதே காலத்தில் செய்தது, ஆனால் இந்த வண்டியுடையது என்று நிரூபிக்க முடியாதது. இ தரம்: பொருந்துகிறது, ஓடுகிறது, ஆனால் எம்.ஜி.ஏ.க்காகச் செய்ததல்ல.

நடைமுறையில் அ தரம் என்று உறுதியாகச் சொல்லக்கூடியது எண் தகடு, பிளாக் போன்ற ஒன்றிரண்டுதான். மற்றதெல்லாம் நல்லபடியாக இருந்தால் ஆ தரம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "எல்லாமே ஒரிஜினல்" என்று விற்பவர் சொன்னால் அங்கேதான் உஷாராக வேண்டும்.

2. கையில் இருக்க வேண்டியவை

- ஏ.எஃப். (போல்ட் தலையின் எதிரெதிர்ப் பக்க இடைவெளியைக் குறிக்கும் அளவு) அங்குல ஸ்பேனர், சாக்கெட்: 7/16, 1/2, 9/16, 5/8. மில்லிமீட்டர் செட் மட்டும் வைத்துக்கொண்டு இறங்காதீர்கள். 5/16 அங்குல போல்ட்டின் தலை 1/2 அங்குலம், அதாவது 12.7 மி.மீ. 13 ஸ்பேனர் அதில் ஆடும். துருப்பிடித்த போல்ட்டாக இருந்தால் முனை உருண்டுவிடும்.
- மரை அளக்கும் கேஜ் ஒன்று. அங்குலம், மெட்ரிக் இரண்டும் உள்ளதாக.
- 150 மி.மீ. வெர்னியர் ஒன்று. போர் கேஜ் (சிலிண்டரின் உள்விட்டம் அளக்கும் கருவி) வாங்கத் தேவையில்லை. போரிங் கடையில் ஒரு நாள் இரவல் கேளுங்கள், அல்லது பிளாக்கை அங்கேயே கொண்டுபோய் அளந்து வாருங்கள்.
- மண்ணெண்ணெய் அல்லது டீசல் 5 லிட்டர், நைலான் பிரஷ் 3, மூங்கில் அல்லது மரச் சீவுளி 2. கம்பி பிரஷ், கிரைண்டர் வீல் இரண்டையும் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுங்கள்.
- பென்சில், மெல்லிய வெள்ளைத் தாள், சாக்பீஸ் தூள், டார்ச், பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடி, காந்தம்.
- ஜிப் கவர் 100, பிளாஸ்டிக் அடையாள அட்டை 100, பெயிண்ட் மார்க்கர் 2. காகித அட்டை இந்த ஊர்க் காற்றில் ஒரு மாதம்கூடத் தாங்காது; எழுத்து ஊறிக் கலைந்துவிடும்.
- கோடு போட்ட நோட்டு ஒன்று. போனில் எடுக்கும் படம் நோட்டுக்குத் துணைதான். ஆயிரம் படத்தில் எந்த நட்டு எங்கே இருந்தது என்று பிறகு யாராலும் தேட முடியாது.

3. முதலில் காகிதம்

எஞ்சினைத் தொடும் முன் ஆர்.சி.யில் உள்ள சேஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு பானெட்டைத் திறந்து ஃபயர்வாலில் உள்ள தகட்டைப் படியுங்கள். 1500 மாடலில் சேஸ் எண் எச்.டி. என்று தொடங்கும், கூப்பே என்றால் எச்.எம். 1600 மாடலுக்கு ஜி.எச்.என்., அதன் கூப்பேக்கு ஜி.எச்.டி. மார்க் 2 என்றால் அந்த எழுத்துகளை ஒட்டி 2 என்ற எண் வரும். எந்த எஞ்சினைத் தேடுகிறோம் என்பதை இந்த எழுத்துகளே சொல்லிவிடும்.

இங்கிலாந்தில் கேடன் என்ற இடத்தில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் இண்டஸ்ட்ரி ஹெரிட்டேஜ் டிரஸ்டிடம் எம்.ஜி.ஏ.க்களின் தொழிற்சாலைப் பதிவேடு இருக்கிறது. சேஸ் எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் சான்றிதழ் தருவார்கள். வண்டி எந்தத் தேதியில் செய்யப்பட்டது, முதலில் என்ன நிறம், எந்த எண் எஞ்சின் போட்டார்கள் என்பது அதில் வரும். இதை முதல் வேலையாகச் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னால் பார்க்கப்போகும் ஒவ்வொரு பாகத்தின் தேதியையும் அந்தச் செய்த தேதியோடுதான் ஒப்பிட வேண்டும்.

ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண்ணும் சான்றிதழில் உள்ளதும் வேறாக இருந்தால், எஞ்சின் மாறியதை யாரோ முறையாக ஆர்.சி.யில் ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள். ஆர்.சி.யும் சான்றிதழும் ஒத்து, எஞ்சினில் உள்ள எண் மட்டும் வேறாக இருந்தால் சொல்லாமல் மாற்றியிருக்கிறார்கள். இரண்டாவது வகைதான் பின்னால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தலைவலி தரும்.

4. கழுவாமல் ஒரு சுற்று

புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு, வண்டி வந்த அன்றே பிரஷர் வாட்டர் அடிப்பது. அழுக்கும் ஒரு சாட்சி. டைனமோ பிராக்கெட்டில் நாற்பது வருட எண்ணெய் மண் கெட்டியாகப் படிந்திருக்க, பக்கத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் மட்டும் பளிச்சென்று இருந்தால், அது பிறகு வந்தது. கழுவிவிட்டால் இந்த வித்தியாசம் போய்விடும்.

நான்கு பக்கமும், மேலும் கீழும் படம் எடுங்கள். எந்த நட்டில் ஸ்பேனர் பட்ட காயம் புதிதாக இருக்கிறது, எந்த கேஸ்கெட் ஓரத்தில் சிலிக்கான் பசை பிதுங்கியிருக்கிறது என்று எழுதுங்கள். தொழிற்சாலையில் சிலிக்கான் பசை போடவில்லை. பிதுங்கிய இடமெல்லாம் ஒரு முறை திறந்த இடம்.

5. கழுவுதல்

இரண்டு முறை கழுவ வேண்டும். முதலில் மண்ணெண்ணெயும் நைலான் பிரஷும் கொண்டு எண்ணெய்ப் பசை போகும்வரை. அது காய்ந்தபின் நல்ல தண்ணீரில் உப்புப் போக இன்னொரு முறை. எண்ணெய்க்கு அடியில் மாட்டியிருக்கும் உப்பு மண்ணெண்ணெயில் கரையாது. அதை அப்படியே விட்டால், சுத்தமாகத் தெரியும் இரும்பில் இரண்டே நாளில் மஞ்சள் பூக்கும்.

நல்ல தண்ணீர் என்றால் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் இல்லை. உச்சிப்புளி, மண்டபம், தொண்டி பக்கமெல்லாம் நிலத்தடி நீர் உவர். அதில் கழுவுவதும் உப்பைத் தடவுவதும் ஒன்று. குழாயில் வரும் காவிரித் தண்ணீரோ மழைத்தண்ணீரோ எடுங்கள். கழுவியதும் காற்றடித்து உலர்த்தி, அன்றே புது எஞ்சின் ஆயிலைத் துணியில் நனைத்துத் துடைத்துவிடுங்கள். வடித்தெடுத்த பழைய ஆயிலைத் தடவும் வழக்கம் இங்கே உண்டு. அதில் அமிலம் இருக்கிறது. எண்ணையும் எழுத்தையும் அரிக்கும்.

ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது திறந்த வெளியில் இந்த வேலை வேண்டாம். துடைத்த கை எடுக்கும் முன் மணலும் உப்பும் வந்து ஒட்டும்.

6. எண் தகடு

பி-சீரிஸ் எஞ்சினின் எண் பிளாக்கின் வலப்பக்கத்தில், ரிவெட் அடித்த சின்னத் தகட்டில் இருக்கும். எழுத்துக்கு அர்த்தம் உண்டு. 15ஜிபி, 15ஜிடி என்றால் 1500. 16ஜிஏ என்றால் 1600. 16ஜிசி என்றால் மார்க் 2. நடுவில் வரும் ஜி எம்.ஜி.க்கு உரிய எழுத்து. அடுத்து வரும் யு, கியர் லீவர் தரையில் நடுவே இருப்பதைக் குறிக்கும். எச் என்றால் ஹை கம்ப்ரெஷன், எல் என்றால் லோ கம்ப்ரெஷன். அதன்பிறகுதான் தொடர் எண்.

தகட்டின் மேல் பெயிண்ட் இருந்தால் சுரண்டாதீர்கள். பெயிண்ட் ரிமூவரைப் பஞ்சில் தொட்டு வைத்து, பத்து நிமிடம் பொறுத்து, மரச் சீவுளியால் வழித்தெடுங்கள். எழுத்து மங்கியிருந்தால் சாக்பீஸ் தூளைத் தேய்த்து மேலாகத் துடையுங்கள். பள்ளத்தில் வெள்ளை தங்கி எழுத்து தெரியும். பிறகு தாளை வைத்துப் பென்சிலால் பிரதி எடுங்கள். ஆர்.டி.ஓ.வுக்கு எடுக்கும் அதே முறைதான். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் கண்ணுக்குத் தப்பிய கோடுகளும் நிழல் விழுந்து தெரியும்.

அடுத்தது ரிவெட்டைப் பார்ப்பது. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நடுவில் ஓட்டை உள்ள பாப் ரிவெட் இருந்தால் தகடு ஒரு முறை கழற்றப்பட்டது. தகட்டைச் சுற்றி, தகட்டை விடப் பெரிதாகவோ கோணலாகவோ பழைய பெயிண்ட் விளிம்பு தெரிந்தாலும் அதே அர்த்தம்தான். எண் தகட்டில் இருக்கிறதே ஒழிய பிளாக்கின் உடம்பில் இல்லை. ஒரு தகட்டை இன்னொரு பிளாக்கில் அடிக்கப் பத்து நிமிடம் போதும். ஆகவே தகடு சரியாக இருந்தால் பாதி நம்புங்கள், மீதியை அளவு சொல்லட்டும்.

ஒரு சின்னச் சோதனை. 15ஜிபி எஞ்சினில் ஸ்டார்ட்டர் மோட்டார் கீழே இருக்கும். 15ஜிடியிலிருந்து அது மேலே ஏறியது. தகடு 15ஜிபி என்று சொல்லி ஸ்டார்ட்டர் உயரத்தில் இருந்தால் இரண்டில் ஒன்று பொய்.

7. பெயிண்ட் அடுக்கு

எம்.ஜி.ஏ. எஞ்சினின் தொழிற்சாலை நிறம் கருஞ்சிவப்பு. அதை வெளியில் தேடினால் கிடைக்காது. டைனமோ பிராக்கெட்டின் பின்புறம், எஞ்சின் மவுண்ட் உட்காரும் இடம், டேப்பட் மூடியின் அடி விளிம்பு ஆகிய மூன்று இடங்களில் பிளேடால் நகக்கண் அகலத்துக்கு அடுக்கடுக்காகச் சீவிப் பாருங்கள். இரும்பை ஒட்டிய கடைசி அடுக்குதான் முக்கியம். மேலே விசைப்படகுக்கு அடித்த மிச்சப் பச்சை இருந்தாலும் கவலையில்லை. பிளாக்கில் அடி அடுக்கு கருஞ்சிவப்பு, ஹெட்டில் வேறு நிறம் என்றால் ஹெட் வெளியிலிருந்து வந்திருக்கிறது.

8. ஹெட்டைத் திறக்காமலே தெரிவது

முதலில் இடப்பக்கம், பிளாக்கின் பின்கோடியில் குனிந்து பாருங்கள். எம்.ஜி.ஏ.யின் ஆர்.பி.எம். மீட்டர் கேபிளால் ஓடுவது. கேம்ஷாஃப்டின் பின்முனையில் உள்ள பல்லிலிருந்து அந்தக் கேபிளுக்குச் சுழற்சி கிடைக்கிறது. அந்த டிரைவ் அமைப்பு பிளாக்கில் இருந்தால் அது எம்.ஜி.ஏ. பிளாக் என்பதற்கு நல்ல சாட்சி. அம்பாசிடரில் ஆர்.பி.எம். மீட்டரே இல்லை. எம்.ஜி.ஏ.வுக்கு அடுத்து வந்த எம்.ஜி.பி.யில் மீட்டர் மின்சாரத்தில் ஓடும். டாஷ்போர்டில் மீட்டர் செத்துக் கிடந்து, கேபிள் எங்கேயும் போகாமல் தொங்கினால், மீட்டரைப் பழுது பார்க்கும் முன் பிளாக்கைச் சந்தேகப்படுங்கள். நாற்பது வேறு அடையாளம் பார்ப்பதைவிட இது ஒன்று நேரத்தை மிச்சமாக்கும்.

கார்புரேட்டர்: எஸ்.யு. கம்பெனியின் எச்4 வகை, இரண்டு. எஸ்.யு.வின் எண்ணுக்கு எளிய கணக்கு உண்டு: ஒரு அங்குலத்தோடு அத்தனை அரைக்கால் அங்குலம் கூட்டினால் வாய் விட்டம். 4 என்றால் ஒன்றரை அங்குலம், 38.1 மி.மீ. வெர்னியரால் வாயை அளந்தால் தெரிந்துவிடும். மிதவைக் கிண்ணத்திலிருந்து ஜெட்டின் அடிக்கு ஒரு மெல்லிய நைலான் குழாய் போனால் அது எச்.எஸ். வகை. எச்.எஸ்.4 எம்.ஜி.பி.யில் வந்தது, வாய் அளவு ஒன்றே என்பதால் இதில் ஏமாறுபவர் அதிகம். ஊசியின் தண்டில் எழுத்து பொறித்திருக்கும்: 1500க்கு ஜி.எஸ்., 1600க்கு 6. மேல்கிண்ணமும் உள்ளே ஏறி இறங்கும் பிஸ்டனும் ஜோடியாகப் பொருத்தியவை. முன் கார்புரேட்டருடையதையும் பின் கார்புரேட்டருடையதையும் கலந்துவிட்டால் பிஸ்டன் உரசும், பிறகு எத்தனை ட்யூனிங் செய்தாலும் ஐடில் நிற்காது.

டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர், ஸ்டார்ட்டர் மூன்றும் லூகாஸ். 1500க்கு சி39 டைனமோ, பின்னால் வந்தவற்றில் சி40. ஒவ்வொன்றின் உடம்பிலும் மாடல் எண்ணோடு தேதியும் குத்தியிருக்கும். கடைசி இரண்டு இலக்கம் ஆண்டு. அதற்கு முன்னால் உள்ளது 12ஐ விடப் பெரிதானால் வார எண் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பாகத்தின் தேதி வண்டி செய்த தேதிக்குச் சில வாரமோ மாதமோ முந்தியிருக்க வேண்டும். வண்டி 1958இல் செய்தது, டைனமோ 1961 என்றால் பேச்சுக்கே இடமில்லை. லூகாஸ்-டி.வி.எஸ். என்று இருந்தால் அது 1961இல் நம் சென்னையில் பிறந்த கம்பெனியின் சரக்கு. இ தரம், ஆனால் தூக்கி எறியாதீர்கள். ஓட்டுவதற்கு நல்ல சாமான்.

ஆல்டர்னேட்டர் இருந்தால் பின்னாளில் மாற்றியது. எம்.ஜி.ஏ. பாசிடிவ் எர்த் வண்டி, அதாவது பேட்டரியின் பிளஸ் பக்கம் பாடியில் கட்டியது, என்பதையும் நினைவில் வையுங்கள். பேட்டரி மைனஸ் பக்கம் பாடியில் கட்டியிருந்தால் டைனமோவின் துருவத்தையும் யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

பெட்ரோல் பம்ப் மின்சாரத்தில் ஓடும் எஸ்.யு., வண்டியின் பின்பக்கம் இருக்கும். எஞ்சினோடு மெக்கானிக்கல் பம்ப் ஒட்டிக்கொண்டிருந்தால் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

9. போல்ட்டும் மரையும்

எம்.ஜி.ஏ. எஞ்சினில் யு.என்.எஃப். என்ற அங்குல நுண்மரை. 1/4 அங்குல போல்ட்டில் அங்குலத்துக்கு 28 மரை, 5/16இலும் 3/8இலும் 24. அசல் காலத்து போல்ட்டின் தலையில் வட்டமான குழிவு இருக்கும், அல்லது சங்கிலிபோல் ஒட்டிய சிறு வட்டங்கள். அப்படிப்பட்டதைத் துருவோடு எடுத்து வையுங்கள். துருவை எடுக்கலாம், தலையை வாங்க முடியாது.

கரையோரத்தில் நடக்கும் தவறு ஒன்று உண்டு. படகு சாமான் கடையில் ஸ்டெயின்லெஸ் எம்8 போல்ட் தாராளமாகக் கிடைக்கும். 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ., எம்8 என்பது 8. விரலால் இரண்டு சுற்று உள்ளே போகும். பிறகு ஸ்பேனரால் அழுத்தினால் மரையைத் தின்றுகொண்டே இறங்கும், ஏனென்றால் ஒன்றின் மரை இடைவெளி 1.06 மி.மீ., மற்றதன் இடைவெளி 1.25. ஸ்டெயின்லெஸ் போல்ட்டை எங்கே பார்த்தாலும் அந்த ஓட்டையை மரை கேஜால் சோதியுங்கள். அலுமினிய இன்லெட் மேனிஃபோல்டில் ஸ்டெயின்லெஸ் போட்டிருந்தால் வெள்ளைப் பொடி பூத்து இறுகியிருக்கும். சூடு காட்டி எடுங்கள், முறுக்கி எடுக்காதீர்கள்.

10. ஹெட்டைக் கழற்றுதல்

முதலில் ரேடியேட்டர் தண்ணீரை வடியுங்கள். ஹெட்டைப் பிடிக்கும் 11 நட்டில் நான்கு, ராக்கர் தாங்கிகளையும் சேர்த்துப் பிடிக்கின்றன. ராக்கரை மட்டும் கழற்றுகிறோம் என்று நினைத்து அந்த நான்கைத் தளர்த்தினாலும் ஹெட் ஒரு பக்கம் தூக்கி, தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும்.

டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஸ்டட்டுகளின் அடியில் ஊற்றி இரண்டு நாள் பொறுங்கள். எல்லா நட்டையும் ஒரு நேரத்தில் ஒரு சுற்று என்று மாறி மாறித் தளர்த்துங்கள். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உளியை விடவே கூடாது. பிளக்குகளை மாட்டியபடியே எஞ்சினைக் கையால் சுற்றினால் கம்ப்ரெஷனே ஹெட்டைத் தள்ளிக் கொடுக்கும்.

ஒரு அட்டைப்பெட்டியில் எட்டு ஓட்டை போட்டு புஷ்ராடுகளை வரிசை மாறாமல் குத்தி வையுங்கள். ஒவ்வொன்றும் அதனதன் டேப்பட்டோடு தேய்ந்து பழகியது.

11. போர் அளவு: பொய் சொல்லத் தெரியாதது, ஆனால் புரிந்து படிக்க வேண்டியது

மூன்று எஞ்சினுக்கும் ஸ்ட்ரோக் 88.9 மி.மீ. விட்டம்தான் வேறு. 1500க்கு 73.02, 1600க்கு 75.41, மார்க் 2க்கு 76.20. எம்.ஜி.பி. எஞ்சின் என்றால் 80.26.

சிலிண்டரின் நடுவில் அளந்தால் தேய்மானத்தையும் சேர்த்து அளப்பீர்கள். மேல் விளிம்பில், ரிங் எட்டாத நாலைந்து மி.மீ. அகலத்தில் ஒரு படி தட்டுப்படும். அதற்கு மேலே அளந்தால் கடைசியாக போரிங் செய்த அளவு அப்படியே கிடைக்கும். கரியைத் துடைத்துவிட்டு, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அளவு எடுங்கள். நான்கு சிலிண்டரும்.

போரிங் செய்யும்போது அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, இருபது, முப்பது, நாற்பது பங்கு என்று ஏற்றுவார்கள். மி.மீ. கணக்கில் 0.25, 0.51, 0.76, 1.02. 1500 பிளாக்கை நாற்பது வரை ஏற்றினாலும் 74.04தான் வரும், 1600ஐத் தொடாது. அதனால் 1500இல் குழப்பமில்லை.

குழப்பம் 1600இல். 75.41ஓடு முப்பதைக் கூட்டினால் 76.17. புது மார்க் 2இன் அளவு 76.20. 0.03 மி.மீ. வித்தியாசத்தை வெர்னியர் சொல்லாது. தேய்ந்த போரில் போர் கேஜும் தடுமாறும். "மார்க் 2 எஞ்சின்" என்று நல்ல விலைக்குப் போனவற்றில் இப்படி முப்பது ஏற்றிய 1600 இருக்க வாய்ப்பு உண்டு. இந்த இடத்தில் அளவை விட்டுவிட்டு பிஸ்டன் தலையைச் சுத்தம் செய்யுங்கள். கரியை மண்ணெண்ணெயில் ஊறவைத்து மரத்தால் தள்ளினால் 030 என்றோ .030 என்றோ குத்தியிருப்பது தெரியும். ஒன்றும் இல்லையென்றால் வால்வு விட்டம் (அடுத்த படி), தகட்டின் 16ஜிஏ அல்லது 16ஜிசி, சேஸ் எழுத்து மூன்றையும் சேர்த்து வைத்து முடிவு செய்யுங்கள்.

இன்னொரு வலை ஸ்லீவ், அதாவது சிலிண்டருக்குள் இறக்கும் இரும்புக் குழாய். அம்பாசிடர் பிஸ்டன் சுலபமாகக் கிடைக்கும் நாட்டில், 1600 பிளாக்கில் ஸ்லீவ் இறக்கி 73க்குக் கொண்டுவந்து அம்பாசிடர் பிஸ்டன் போட வழி இருக்கிறது. அளந்தால் 1500 என்று காட்டும். சிலிண்டரின் மேல் முகத்தை மண்ணெண்ணெயில் துடைத்துச் சாக்பீஸ் தூள் தூவி ஊதுங்கள். ஸ்லீவ் இருந்தால் போரைச் சுற்றி மயிரிழை போல் ஒரு வட்டக்கோடு எண்ணெய் கசிந்து தெரியும். அந்தக் கோடு தெரிந்தால் போர் அளவை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

12. வால்வும் கேம்ஷாஃப்டும்

1500இன் இன்லெட் வால்வு தலை விட்டம் ஒன்றரை அங்குலம், 38.1 மி.மீ. மார்க் 2இல் 39.7. ஒற்றை கார்புரேட்டர் அம்பாசிடர் ஹெட்டில் பெரும்பாலும் 1500இனதை விடச் சிறிய வால்வுதான். ஆனால் யாராவது சீட் வெட்டிப் பெரிய வால்வு போட்டிருக்கலாம் என்பதால் இதை மட்டும் நம்பக் கூடாது.

ஹெட்டில் மேலெழும்பி நிற்கும் வார்ப்பு எண்ணைப் பார்த்ததும் பார்ட் நம்பர் பட்டியலில் தேடுவது வழக்கமான தவறு. அது அச்சுக்கான எண். ஒரே வார்ப்பை வேறு வேறு வால்வு அளவுக்குக் கடைந்திருக்கலாம். எழுதி வையுங்கள், அளவோடு ஒப்பிடுங்கள், அவ்வளவுதான்.

கேம்ஷாஃப்டை வெளியே எடுத்தால் பின்முனையில் ஆர்.பி.எம். மீட்டருக்கான பல் இருக்கிறதா பாருங்கள். பிளாக்கில் டிரைவ் இருந்து கேமில் பல் இல்லையென்றால், பிளாக் எம்.ஜி.ஏ., கேம் வெளியூர். ஓடும், ஆனால் வண்டி ஏன் அம்பாசிடர் மாதிரி இழுக்கிறது என்று புரியாது.

13. பெயரிட்டு எடுத்து வைப்பது

ஒவ்வொரு பாகத்துக்கும் பிளாஸ்டிக் அட்டையில் நான்கு விவரம்: எண், எங்கிருந்து எடுத்தது, தரம், சந்தேகம். சந்தேகத்தை எழுதத் தவறாதீர்கள். ஆறு மாதம் கழித்து நினைவில் இருப்பது முடிவு மட்டும்தான், காரணம் இருக்காது.

சிறு பாகங்களை எண்ணெய் தடவி ஜிப் கவரில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போடுங்கள். தரையில் வைக்காதீர்கள், மரப்பலகை மேல் வையுங்கள். ஓலைக்கொட்டகையில் வாடைக்காலம் முழுக்க ஈரம் இறங்கும். போர்களில் கிரீஸ் தடவி, எண்ணெய்த் துணியால் மூடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை திறந்து பார்த்துத் திரும்பத் தடவ வேண்டும்.

14. என்ன செய்வது என்று தீர்மானிப்பது

பிளாக் அசல், மற்றவை கலப்பு என்றால் வழி எளிது: அ, ஆ தரத்தை முதலில் பழுது பாருங்கள், இ தரத்தை உதிரியாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றுங்கள். லேத்துக்கு அனுப்பும் முன் "தகடு, மேல் முகம், வார்ப்பு எண் மூன்றிலும் கை வைக்கக் கூடாது" என்று எழுதிக் கொடுங்கள். 

பிளாக்கே அம்பாசிடர் என்றால் தகட்டை மாற்றி அடிக்கும் யோசனை வேண்டாம். அது குற்றம், அடுத்து வாங்குபவர் இந்த வழிகாட்டியின் ஆறாம் படியிலேயே கண்டுபிடித்துவிடுவார். இருக்கும் எஞ்சினை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி ஆர்.சி.யில் ஏற்றுங்கள், எம்.ஜி.ஏ. பிளாக் கிடைக்கும்போது மறுபடி மாற்றிப் பதியுங்கள்.

2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பழம்பெரும் வாகனங்களுக்கு என்று தனிப் பதிவு முறை வந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும். சேஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு. மறுபதிவுக்கு 5,000. அன்றாட ஓட்டத்துக்கு இந்தப் பதிவில் அனுமதி இல்லை. இதற்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், ஹெரிட்டேஜ் சான்றிதழ், எண் தகட்டின் பென்சில் பிரதி, கழுவும் முன் எடுத்த படம், போர் அளவு எழுதிய பக்கம் நான்கையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். எஞ்சினை மறுபடி மூடிவிட்டால் அந்த நான்கில் இரண்டை இனி எடுக்க முடியாது.